கோடு போடாத வட்டம்

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, பதினேழாம் அறை.
மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க
அவளுடைய தண்ணீர்ப் போத்தலையே மேலே வைத்து
வரையத் தொடங்குகிறேன்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
நோய் வந்தால் உள்ளே கறுப்பு.
இறந்தால் குறுக்கே ஒரு கோடு.
இவ்வளவுதான் என்றேன்.
இராசமலர் தலையாட்டினாள்.
நாற்பத்தொரு வயது. விசுவமடு.
கச்சான் தோட்டம். ஒரு மகள்.

அம்மா?
"நாப்பத்திநாலில மோசம் போனவ.
இடம்பெயர்ந்து கந்தபுரத்தில இருக்கேக்க."
என்ன நோய்?
"காய்ச்சல் எண்டுதான் துண்டில கிடக்கு."
பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்து,
"இடப்பக்கச் சட்டை எப்பவும் நனைஞ்சிருக்கும்.
மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு வைப்பா.
உடுப்பு மாத்தேக்க எங்களைக் கொட்டிலுக்குள்ள விடமாட்டா."

அரை வட்டத்தைக் கறுப்பாக்கி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தேன்.
துண்டில்லாத புண்ணுக்கு அதற்கு மேல் தரமுடியாது.

சின்னம்மா கனடாவில்.
நாற்பத்தாறில் ஒரு மார்பை எடுத்தவ.
முழுக் கறுப்பு.
பெரியம்மா? "முப்பத்தொன்பது. தொண்ணூறில, பொம்மர்."
பெரியம்மாவின் மூத்தவள்? "முப்பத்திமூண்டு. செல்."
அடுத்தவள்? "இருபத்தொன்பது. பங்கர் மூடினது."
கோடு.
கோடு.
கோடு போட்ட கையை ஒருதரம் உதறிக்கொண்டேன்.

படிவம் கேட்கிறது:
நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர்?
சின்னம்மாவை விட்டால்
இந்த வீட்டில் ஒருத்தியும்
நோய் வரக்கூடிய வயதுவரைக்கும் போய்ச் சேரவில்லை.
அவர்களுடைய மார்பில் என்ன காத்திருந்தது,
ஒன்றுமே காத்திருக்கவில்லையா,
பார்க்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.
'போதிய தகவல் இல்லை' என்றொரு பெட்டி இருக்கிறது.
இந்த அறையில் அநேகமாக எல்லோருக்கும்
அதில்தான் சரி போடுகிறேன்.

தங்கச்சி?
என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.
"வட்டம் போடுங்கோ டொக்டர்.
கோடு மட்டும் போடாதேங்கோ.
வட்டுவாகல் தாண்டினாப் பிறகு
சுகிர்தாவை பஸ்ஸில ஏத்தினதை நான் கண்டனான்.
சன்னலால கையைக் காட்டினவள்."

வட்டம் போட்டேன்.
கணினிக்கு அது போதாது.
வயதில்லாமல் அடுத்த பக்கம் திறக்காது.
"இந்தச் சித்திரைக்கு முப்பத்தாறு,"
விரல் விட்டு எண்ணாமலே சொன்னாள்.
தட்டினேன்:
உயிருடன். முப்பத்தாறு. நோய் இல்லை.
நூற்றுக்கு இருபத்துநாலென்று நின்றது
இருபத்துமூன்றுக்கு இறங்கியது.

நோயில்லாத சகோதரி ஒருத்தி சேர்ந்தால்
கணக்கு அப்படித்தான் கொஞ்சம் இளகும் என்று
விளங்கப்படுத்தினேன்.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்ப, அவள் எனக்கு ஒண்டைக் குறைச்சு விட்டிருக்கிறாள்."

ஊதா மூடிக் குழாயில் இரத்தம் ஏறும்போது கேட்டாள்:
"இதில அவளையும் தேடலாமோ?
கிடங்கு தோண்டி எலும்பெடுக்கினம்.
ரத்தம் குடுத்தால் ஆரெண்டு பிடிக்கலாமாமே?"
அது வேறு சோதனை.
வேறு ஆய்வுகூடம், வேறு அனுமதி, நீதிமன்றம்.
நான் அடுக்கிக்கொண்டே போனேன்.
"ரத்தம் ஒண்டுதானே," என்றாள்,
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி.

மகளுக்குப் பதினைந்து.
தாளின் அடியில் சின்ன வட்டம்,
உள்ளே வெள்ளை.
அவளுக்கு இப்போது ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றேன்.
"பத்து வருசத்தால?"
முடிவு வரட்டும், கதைப்பம்.

கிளினிக் கொப்பியை
ஒரு பிளாஸ்ரிக் கவருக்குள் வைத்தாள்.
அதற்குள் ஏற்கெனவே சுகிர்தாவின் படம்,
செஞ்சிலுவைத் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி.
ஒன்றரை பஸ்ஸைப் பிடிக்க
தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனாள்.
தாள் பறந்தது.

குனிந்து எடுத்து வந்து
அறிக்கை எழுத இருந்தேன்.
சுகிர்தாவோடு இருபத்துமூன்று.
அவள் இல்லாமல் இருபத்துநாலு.
எந்த இலக்கத்தை எழுத?
வாசலில் தாதி
அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டாள்.